கழுத்து இல்லாத சாரணர்கள்

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் வருகிறது. ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள்! மூங்கில் புதருக்குள் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் குருவியே சிரிப்பை அலகுக்குள் அடக்கிக்கொண்டு தவிக்கிறான். அவனுக்கு இல்லாத அவசரம் உங்களுக்கு எதற்கு? முதலில் குளக்கரையைப் பாருங்கள்.

அங்கே ஒரு சாரணர் படை இருந்தது. கேப்டன், வெள்ளைச்சாமி என்ற கொக்கு. வாசலில் "எல்லோரும் வரலாம்!" என்று பெரிய பலகை. உள்ளே போய்ப் பார்த்தால் எல்லோரும் கொக்கு. அதிலும் பாதிப் பேர் கேப்டனின் அக்காள் பிள்ளைகள்.

சேற்றில் வசிக்கும் சேத்தாயி என்ற தவளைச் சிறுமிக்கும், கடுக்கன் என்ற நண்டுப் பயலுக்கும் படையில் சேர ஆசை. முடிச்சுப் போடலாம், கூடாரம் அடிக்கலாம், முகாமுக்குப் போகலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கொடிக்கு முன்னால் உறுதிமொழி எடுத்தவரைப் படையிலிருந்து யாரும் நீக்க முடியாது. ஒரு சாரணன் இன்னொரு சாரணனைத் தின்னவும் கூடாது! போன மழையில் சேத்தாயியின் அண்ணன் காணாமல் போனான். யார் வாயில் போனான் என்று குளத்துக்கே தெரியும்.

அதனால் அவள் கடுக்கனையும் கூட்டிக்கொண்டு விடாமல் போய்க் கேட்டாள். கேப்டனும் சர்க்கரையாகப் பேசினார்.

"உன்னை யாரும்மா வேண்டாம்னு சொன்னது? தாராளமா வா! ஸ்கார்ஃபை மட்டும் கழுத்துல கட்டிக்கிட்டு வா!"

"எனக்குக் கழுத்தே இல்லையே, சார்!"

"அடடா! அதுக்கு நான் என்ன பண்றது கண்ணு? விதின்னா விதிதான்! ஏம்ப்பா நண்டு, சாரணர்னா இடது கையாலதான் குலுக்கணும். எங்கே, கையை நீட்டு?"

கடுக்கன் இடது கொடுக்கை நீட்டினான்.

"கையைக் கேட்டா கொடுக்கைக் காட்டுறியே! போ, கை முளைச்சதும் வா!" என்றார் கேப்டன். தன்னுடைய இறக்கைக்குக் கை என்று பெயர் வைத்திருந்தவர் அவர்!

இதையெல்லாம் கரிச்சான் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கு வராத குரல் கிடையாது. பாம்பு போலச் சீறிக் கீரியை ஓடிவர வைப்பான். கீரி வந்ததும் கீரியின் மனைவி குரலில் திட்டி வீட்டுக்கு விரட்டுவான்!

அன்றைக்குச் சாரணர் ஆணையர் யானை பார்வையிட வருவதாக இருந்தது. கேப்டன் சல்யூட் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார். சேத்தாயியும் கடுக்கனும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

திடீரென்று மூங்கில் புதருக்குள்ளிருந்து யானைக் குரல் இடித்தது.

"கேப்டன்!"

கேப்டன் வெலவெலத்துப் போனார். "ஐயா! எப்போ வந்தீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்! எட்டிப் பார்த்தே, தொலைஞ்சே! அந்தத் தவளைக்கு ஏன்யா ஸ்கார்ஃப் இல்லை?"

"அதுக்குக் கழுத்து இல்லீங்க ஐயா!"

"எனக்கு இருக்கா?"

கேப்டன் யோசித்தார். யானைக்குத் தலை எங்கே முடிகிறது, முதுகு எங்கே தொடங்குகிறது?

"இருக்... இல்லை... ஐயாவுக்குக் கழுத்து எதுக்குங்க!"

"அப்போ அதுக்கு மட்டும் எதுக்கு? வயித்துல கட்டு!"

கட்டினார்.

"நண்டு?"

"கை இல்லீங்க ஐயா. வெறும் கொடுக்கு!"

"நான் மூக்கால குலுக்குறவன்! என்னையும் வெளியே நிறுத்துவியோ?"

"ஐயையோ!" கேப்டன் அவசரமாக இடது இறக்கையை நீட்டினார். கடுக்கன் பாசத்தோடு ஒரு பிடி பிடித்தான். கேப்டன் கண்ணில் நீர் முட்டியது. "ஆனந்தக் கண்ணீருங்க ஐயா!"

கரிச்சானுக்குச் சிரிப்பு பீறிட்டது. சட்டென்று அதை யானைத் தும்மலாக மாற்றினான். மூங்கில் இலைகள் உதிர்ந்தன.

"உறுதிமொழி எடுக்க வை!"

கேப்டன் தவளையை ஓரக்கண்ணால் பார்த்தார். "இன்னிக்கு நாள் சரியில்லைங்க. அடுத்த வாரம்..."

"இப்பவே!"

கொடிக்கு முன்னால் சேத்தாயி சொன்னாள், "சக சாரணருக்குத் துணை நிற்பேன்!" கடுக்கனும் சொன்னான். கேப்டன் புதருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

அப்போது அவர் முதுகை ஏதோ உரசியது.

"யாருப்பா இடிக்கிறது? தள்ளி நில்லு! ஆணையர் ஐயா பேசிக்கிட்டு இருக்கார்!"

"எந்த ஆணையர்?" என்றது ஒரு குரல். அதே குரல். ஆனால் பின்னாலிருந்து!

கேப்டன் மெல்லத் திரும்பினார். மலை போல் யானை நின்றது. அதன் தும்பிக்கை ஏற்கெனவே கடுக்கனின் கொடுக்கைக் குலுக்கிக்கொண்டிருந்தது.

"சபாஷ்! சேத்துப் பிள்ளைங்களும் இருக்காங்களே! உறுதிமொழி ஆச்சா?"

"ஆச்சுங்க ஐயா!" என்று சேத்தாயி துள்ளினாள்.

"ஐயாதானே சொன்னீங்க... புதருக்குள்ளே இருந்து..." என்று கேப்டன் இழுத்தார்.

"நானா? நான் இப்பத்தானேய்யா வர்றேன்!"

புதரிலிருந்து பிளந்த வாலோடு ஒரு கறுப்புக் குருவி சிரித்துக்கொண்டே பறந்து போனது. கேப்டன் குருவியைப் பார்த்தார். யானையைப் பார்த்தார். தான் இத்தனை நாள் குறி வைத்திருந்த குண்டுத் தவளையின் வயிற்றில், தானே கட்டிய முடிச்சைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: இனி அவளை நீக்கவும் முடியாது, தின்னவும் முடியாது!

தன் உடம்பை அளவாக வைத்து வாசலை வெட்டுகிறவன், எத்தனை இனிமையாகக் கூப்பிட்டாலும் பிறரைக் கூப்பிட்டதாக ஆகாது.