டீச்சரும் கைதட்டினார்

குன்றடி கிறிஸ்தவ ஆசிரமத்தில் தலைவரை ஐயா என்று கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். தொடங்கிய நாளிலிருந்து அங்கே அப்படித்தான். இப்போதைய அண்ணன் நத்தானியேலுக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். அவரிடம் சீடராகச் சேர்ந்த கோயில்பிள்ளைக்கோ ஐம்பது தாண்டித் தலையெல்லாம் நரைத்துவிட்டது. இவர் அவரை அண்ணன் என்பார், அவர் இவரை அண்ணாச்சி என்பார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டு பேரில் யார் குரு, யார் சீடர் என்று தெரியாமல் முழிப்பார்கள்.

அன்று காலை ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்லும் முறை கோயில்பிள்ளைக்கு வந்தது. எழுந்து நின்றார், கண்ணை மூடினார், வாயைத் திறந்தார். முதல் வார்த்தையே வரவில்லை. நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. எல்லோரும் தலையைக் குனிந்தபடி காத்திருந்தார்கள். கடைசியில் அண்ணனே ஒரு பாட்டை எடுத்துவிட்டு ஜெபத்தை முடித்து வைத்தார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மனுஷனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. சின்ன வயதில் விட்டுப் போன திக்குவாய், இத்தனை வருஷத்துக்கு அப்புறம் வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்திருக்கிறதே!

அண்ணன் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளை பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணன், ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒருத்தனுக்கு ஒரு நன்மை நடந்தா, நன்றிய கர்த்தருக்குச் சொல்லணுமா, மனுஷனுக்குச் சொல்லணுமா?"

"யாருக்கு நடந்த நன்மை?"

"எனக்குத்தான்."

"அப்ப முழுசாச் சொல்லுங்க. அரைகுறையாக் கேட்டா நானும் அரைகுறையாத்தான் சொல்லணும்."

கோயில்பிள்ளை வரப்பில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

அவர் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். தினமும் காலையில் மொத்தப் பள்ளிக்கூடமும் மைதானத்தில் கூடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர் முன்னால் போய் நின்று வேதபாடம் வாசிக்க வேண்டும். பேர் வரிசைப்படி முறை வரும். கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்றெல்லாம் பார்ப்பதில்லை. முறை வந்தால் வாசித்தே ஆக வேண்டும். திக்குவாய் என்றாலும் விடமாட்டார்கள்.

கோயில்பிள்ளையின் முறையன்று வந்த அதிகாரமோ, அட ஆண்டவரே, எதிரிக்குக்கூட வரக்கூடாது. பாபிலோன் ராஜாவின் பேர் வரும். வாத்தியங்களின் பேர் வரிசையாக வரும். முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அதே ராஜா, அதே வாத்தியங்கள் மறுபடியும் வரும். பையன் ஒவ்வொன்றிலும் முட்டிக்கொண்டு நின்றான். ஆறாம் வகுப்பு வரிசையில் யாரோ சிரிக்க, அது மைதானம் முழுக்கப் பரவியது.

மறுநாள் காலையில் பத்தாம் வகுப்பு ஆசிரியை எப்சிபா டீச்சர் ஒரு புது வழக்கத்தைச் சொன்னார். இனிமேல் ஒருவர் தனியாக வாசிக்க வேண்டாம், வகுப்பே முன்னால் போய் நின்று சேர்ந்து வாசிக்கலாம்.

சேர்ந்து வாசித்தபோது கோயில்பிள்ளைக்குத் திக்கவில்லை. அது என்ன மாயமோ தெரியாது, மற்றவர்கள் குரலோடு சேர்ந்து அவன் குரலும் சரளமாகப் போனது. அந்த வருஷம் முழுக்க அப்படி வாசித்து வாசித்து, பள்ளி இறுதித் தேர்வு முடிவதற்குள் நாக்கு தானாகவே அவிழ்ந்துவிட்டது. பிறகு மின்வாரியத்தில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். தொழிற்சங்கத்தில் மைக் பிடித்துப் பேசுகிற அளவுக்குப் போனார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டுதான் ஆசிரமத்துக்கு வந்தார்.

"நல்ல விஷயந்தானே? இதுல என்ன வருத்தம்?" என்றார் அண்ணன்.

"போன வருஷம் நற்செய்திக் கூட்டத்துல கர்த்தர் எனக்குச் செஞ்ச நன்மையச் சாட்சியாச் சொல்லக் கூப்பிட்டாங்க."

அங்கேதான் வந்தது வினை. மேடை, விளக்கு, பெரிய கூட்டம். சாட்சி சொல்கிறவர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே இவருக்கும் வாயில் வந்துவிட்டது. "எந்த மனுஷனும் எனக்கு உதவி செய்யல. கர்த்தர் ஒருத்தரே என் நாவைத் திறந்தார்!" கூட்டம் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. இவருக்கும் புல்லரித்துப் போனது.

மேடையை விட்டு இறங்கும்போதுதான் பார்த்தார். இரண்டாம் வரிசையில் எப்சிபா டீச்சர், வெள்ளைச் சேலையில், நல்லா வயதாகிப்போய் உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன் அண்ணன். கைதட்டுதாங்க! பின்பக்கமாவே வெளிய போயிட்டேன். அன்னையிலருந்து ஸ்தோத்திரம்னு வாயெடுத்தாலே அந்தக் கைதான் முன்னால வருது. இன்னைக்கு நாக்கே ஒட்டிக்கிட்டு."

கோயில்பிள்ளை சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு. அன்று பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கூடுகிறார்கள். டீச்சர் வருகிறார். நன்றியுரை கோயில்பிள்ளை என்று போட்டிருந்தது. கீழே, 'உடம்பு சரியில்லை, மன்னிக்கவும்' என்று இவர் அடித்து வைத்து, அனுப்பாமல் விட்டிருந்தார்.

"கர்த்தருக்கு மகிமை கொடுத்தது தப்பாண்ணன்? தப்பு இல்லன்னா எனக்கு ஏன் இப்படி வலிக்குது? நன்றிய யாருக்குச் சொல்லணும், அதை நீங்க சொல்லுங்க."

அண்ணன் தண்ணீரை நிறுத்தினார். கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு வாங்க. நன்மை செஞ்சவங்ககிட்டயே போய்க் கேப்போம்."

பஸ்ஸில் போகும்போது கோயில்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு இடத்தில் இறங்கிவிடலாமா என்று பார்த்தார். அண்ணன் வழியை ஒட்டிய சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்ததால் தாண்டிப் போக முடியவில்லை.

பள்ளிக்கூட ஹாலில் பிரியாணி வாசனை தூக்கியது. வழுக்கைத் தலைகளும் கண்ணாடிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. முன்வரிசை நாற்காலியில் டீச்சர். அண்ணன் பின்வரிசையில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

கோயில்பிள்ளை நேராகப் போய் டீச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். யோசித்தால் ஓடிவிடுவோம் என்று அவருக்கே தெரியும்.

"டீச்சர், நான் கோ... கோ... கோயில்பிள்ளை."

"தெரியுதுய்யா."

"அன்னைக்குக் கூட்டத்துல... எனக்கு யாருமே உதவி செய்யலன்னு சொல்லிட்டேன் டீச்சர். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"அப்படியா சொன்ன?" டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "நீ என்ன சொன்னன்னு நான் எங்கய்யா கவனிச்சேன்? திக்கிருமோ, திக்கிருமோன்னு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு இடத்துலகூட நீ திக்கல. சந்தோஷம் தாங்காம கை வலிக்கத் தட்டினேன்."

கோயில்பிள்ளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் நடுவில், பேரன் பேத்தி எடுத்த மனுஷன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று. டீச்சர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"என் வாயைத் திறந்தது நீங்கதான் டீச்சர். சேர்ந்து வாசிக்கணும்னு நீங்க சொல்லலன்னா..."

"நானா? நல்லா இருக்கே கதை! எனக்கு அப்படி ஒரு யோசனையே வரல. சங்கரலிங்கம்லா வந்து கேட்டான், எல்லாரும் சேர்ந்து வாசிக்கட்டுமா டீச்சர்னு. நான் சரின்னேன், அவ்வளவுதான். அவனுக்குச் சொல்லு உன் நன்றிய."

சங்கரலிங்கம் பந்தியில் தயிர்ப் பச்சடி வாளியோடு சுற்றிக்கொண்டிருந்தார். இப்போது டவுனில் இரும்புக்கடை முதலாளி. கோயில்பிள்ளை போய்க் கையைப் பிடித்தார்.

"எனக்காக நீ போய் டீச்சர்கிட்ட கேட்டியாமே சங்கரா. இவ்வளவு நாளா எனக்குத் தெரியாமப் போச்சே."

"எவன்ல சொன்னான் உனக்காகன்னு?" சங்கரலிங்கம் வாளியைக் கீழே வைத்தார். "உனக்கு அடுத்த நாள் முறை யாருக்கு? எனக்குல்லா! எங்க வீட்டுல எவன் அந்தப் புஸ்தகத்தப் படிச்சான்? அந்த ராஜா பேரப் பார்த்ததுமே எனக்கு வேர்த்து ஊத்திட்டு. நீயாவது திக்கித் திக்கி வாசிச்ச, எனக்கு எழுத்துக் கூட்டவே வராது. என் தோலக் காப்பாத்திக்கத்தான் கேட்டேன்."

"அப்ப உனக்காகவா கேட்ட?"

"ஆமா. ஆனா கேக்கத் தைரியம் வந்தது உன்னாலதான், அதையும் சொல்லணும்லா. பள்ளிக்கூடமே சிரிச்சுது, நீ ஓடலயே. கடைசி வரிவரைக்கும் வாசிச்சுட்டுத்தான வந்த? இவனே நிக்கான், நாம போய் ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போச்சுன்னு தோணிச்சு. நியாயமா நாந்தாம்ல உனக்கு நன்றி சொல்லணும். இந்தா, பச்சடி போட்டுக்கோ."

சாப்பாடு முடிந்ததும் நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். கோயில்பிள்ளை எழுந்தார். டீச்சர் பேரைச் சொன்னார், சங்கரலிங்கம் பேரைச் சொன்னார், கூட நின்று வாசித்த ஒவ்வொருவர் பேரையும் சொன்னார். நடுநடுவே திக்கியது. திக்கினால் நின்று, சிரித்துவிட்டு, மறுபடியும் சொன்னார். கூட்டமும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அண்ணனுக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட் கிடைத்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்த கோயில்பிள்ளை மெல்லப் பேச்சை எடுத்தார்.

"மனசு லேசாயிட்டு அண்ணன். ஆனா கேள்வி அப்படியேதான் நிக்குது."

"எந்தக் கேள்வி?"

"நன்றி யாருக்குன்னுதான். டீச்சர்கிட்ட போனா சங்கரலிங்கம்ங்காங்க. அவன்கிட்ட போனா என்னையக் காட்டுதான். நான் எங்க நின்னேன்? ஓடத்தான் பார்த்தேன், கால் மரத்துப் போய் நகரல. கடைசி வரி எப்படி வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. அதுல என் சாமர்த்தியம் ஒண்ணும் கிடையாது."

"டீச்சர் நான் இல்லங்காங்க. சங்கரலிங்கமும் நான் இல்லங்காரு. நீங்களும் இல்லங்கிய." அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். "அப்ப மிச்சம் யாரு இருக்கா அண்ணாச்சி?"

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் இரண்டு ஊர் தாண்டியது.

"அப்படின்னா," என்றார் கோயில்பிள்ளை கடைசியில், "அன்னைக்கு மேடையில நான் சொன்னது சரிதானா அண்ணன்?"

"சரிதான். கடைசியாச் சொல்ல வேண்டியத முதல்லயே சொல்லிட்டிய."