கனகசபாபதி அண்ணனின் சமமான இரண்டு கால்கள்

எங்கள் சைக்கிள் குழுவில் கனகசபாபதி அண்ணனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காமலே முக்கால் மணி நேரம் பதில் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டுத் தொலைத்தேன்.

என் நிலைமை அப்படி. மூன்று மாதமாக வலது முழங்காலில் வலி. பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, இடது கால் சோம்பேறியாகி வலது காலே எல்லா வேலையும் செய்கிறது, இரண்டையும் சமப்படுத்த இன்னும் மூன்று மாதம் ஆகும், அதுவரை மலைப்பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டார். ஆனால் மூன்றே வாரத்தில் எங்கள் குழு வால்பாறை ஏறுகிறது. போன வருடம் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் என்னையும் சைக்கிளையும் வேனில் தூக்கிப் போட்டார்கள். இந்த வருடம் நாற்பது வளைவும் ஏறுவேன் என்று வீட்டில் வீராப்புப் பேசியிருந்தேன். வருகிறவர்கள் பெயரை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று ரெஜினா கறாராகச் சொல்லியிருந்தாள். ரெஜினா வங்கி ஊழியர். குழுவை நடத்துவதும், எங்கள் சைக்கிள்களுக்கு ஸ்பேனர் பிடிப்பதும் அவள்தான்.

மற்றவர்கள் மருதமலை ஏறி இறங்கும்வரை நான் அடிவாரத்து பேக்கரியில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்த அண்ணனும் ரெஜினாவும் என் மேஜையில் உட்கார்ந்தார்கள். அண்ணன் தேங்காய் பன்னைப் பிய்த்தார். மூன்று மாதத்துக்குக் குறைவாக ஏதாவது வழி இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டேன்.

"மூணு மாசமா? எனக்கு மூணு வாரமே ஜாஸ்திங்க தம்பி" என்று ஆரம்பித்தார். அண்ணனுக்கு பம்பு செட் கடை. கடையில் பம்பு விற்காத நேரமெல்லாம் அவரே இறைப்பார்.

ஒரு காலத்தில் அண்ணனின் வலது கால் அசுர பலத்தோடு இருந்ததாம். பேரூர் கோயில்வரை ஓடலாம் என்று கிளம்பினால், அந்தக் கால் தள்ளுகிற தள்ளில் உடம்பு இடது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருக்குமாம். இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சொந்த வீட்டு வாசல். வீட்டையே இருநூறு தடவை சுற்றியிருக்கிறார். அண்ணி அப்போதுதான் கோலத்துக்குப் புள்ளி வைத்து முடித்தாராம்.

அண்ணிக்கு இது தெரியுமா என்று ரெஜினா கேட்டாள்.

"தெரியாம என்னுங்க அம்மிணி? மூணு புள்ளியை மிதிச்சுட்டேன்னு இன்னும் திட்டறா" என்றார்.

அதோடு விட்டாரா? வலது தொடை பெருத்த பெருப்பில் டெய்லர் இரண்டு நாள் வந்து அளவெடுத்தாராம். முதல் நாள் முழுக்க வலது காலுக்கே போய்விட்டதாம். வலது ஷூவின் அடிப்பாகம் தேய்ந்து ரோடு தெரிகிறபோது, இடது ஷூவில் கம்பெனி ஸ்டிக்கர் அப்படியே இருக்குமாம். அந்த ஷூ எங்கே என்று ரெஜினா கேட்டதற்கு, ஆராய்ச்சிக்காகக் கல்லூரியில் வாங்கிப்போய்விட்டார்கள் என்று பதில் வந்தது. எந்தக் கல்லூரி என்று கேட்டதற்கு டீ சூடாக இல்லை என்று பதில் வந்தது.

பிறகு அண்ணன் இடது காலைத் தேற்ற இறங்கினார். பல் விளக்குவது, கடையில் பில் போடுவது, கல்யாண வீட்டில் மொய் எழுதுவது, எல்லாமே இடது காலில் நின்றபடி. உக்கடம் குளக்கரையில் அசையாமல் ஒற்றைக் காலில் நின்றபோது ஒரு கொக்கு வந்து பக்கத்தில் நின்றதாம். ஒன்றரை மணி நேரத்தில் கொக்குக்குக் கால் கடுத்துவிட்டது. பிடித்து வைத்திருந்த மீனை அண்ணன் முன்னால் வைத்துவிட்டுப் பறந்துபோய்விட்டதாம்.

"அண்ணா, நீங்க சைவமாச்சே" என்றாள் ரெஜினா.

"அதனாலதான் மீனைத் தண்ணியிலயே விட்டுட்டேன்."

கடைசியில் இரண்டு காலும் கடுகளவு வித்தியாசம் இல்லாமல் சமமாகிவிட்டதாம். அதிலும் ஒரு சங்கடம். ஒருநாள் காலையில் வாசலில் நின்று நடக்கப் பார்த்தால் எந்தக் காலும் முன்னால் வரவில்லை. நீ முதலில் போ, இல்லை நீ போ என்று இரண்டும் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டு மணி நேரம் கழித்து அண்ணி வந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளிய பிறகுதான் கடைக்குப் போய்ச் சேர்ந்தாராம்.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எந்த இடத்தில் நம்ப ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மூன்று மாதம் என்றவரைவிட மூன்று வாரம் என்றவர் நல்ல மனிதராகத் தெரிந்தார். அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். நாளையிலிருந்து காலையில் இடது காலால் மட்டும், சாயங்காலம் வலது காலால் மட்டும் மருதமலை ஏற வேண்டும், வலி வெட்கப்பட்டு ஓடிவிடும் என்று பத்தியம் சொன்னார். என் பெயரைப் போட்டுக்கொள் என்று ரெஜினாவிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் அண்ணனிடம் ஆதாரம் கேட்டாள். அண்ணன் எழுந்து போய், சுவரில் சாய்த்திருந்த தன் சைக்கிளின் திரையைத் திருப்பிக் காட்டினார். மிதிக்கிற பலத்தை அளந்து திரைக்கு அனுப்புவது பெடல் தண்டில் ஒட்டிய பவர் மீட்டர். அன்று மலை ஏறிய கணக்கு அதில் இருந்தது. இடது ஐம்பது, வலது ஐம்பது. எனக்குப் புல்லரித்தே விட்டது.

ரெஜினா குனிந்து இரண்டு பக்கத்து பெடல் தண்டையும் தடவிப் பார்த்தாள்.

"அண்ணா, மீட்டர் எடது பக்கம் மட்டுந்தான் இருக்குது. இந்த மாடல் எடது காலை அளந்து, அதை ரெண்டால பெருக்கி, பாதிப் பாதின்னு காட்டும். வலது காலை வீட்டுல வெச்சுட்டு வந்தாலும் அம்பதுக்கு அம்பதுதான்."

அண்ணன் அசரவில்லை. மீதி டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். "நானும் அதைத்தானே சொல்ல வந்தேன்? என்னோட எடது கால் ஒண்ணே ரெண்டு காலுக்குச் சமம்னு மிஷினே ஒத்துக்குது" என்றவர் என் பக்கம் திரும்பி, நாளைக் காலை ஐந்தரைக்குத் தயாராக இருக்கச் சொன்னார்.

வால்பாறைக்கு என் பெயர் வேண்டாம் என்று ரெஜினாவிடம் சொன்னேன். சொல்லும்போது அழுகையே வந்துவிடும்போல இருந்தது. அண்ணன் பதறிப்போய், அவர் காலைப் பார்த்த பிறகுமா நம்பிக்கை வரவில்லை என்று கேட்டார்.

"எனக்கு வலிக்கறது வலது காலுங்கண்ணா" என்றேன். "உங்க மிஷின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லீங்க."