கணியருக்கு முளைத்த தாடி

பொன்னாற்றூர் அரசவையில் வானநூல் கணியராக இருந்தவர் வயிரவநாதர். கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று நாழிகை பிசகாமல் சொல்லுவார். ஆனால் ஆள் பார்வைக்கு? குட்டை உருவம், வழுக்கைத் தலை, அவருக்கு முன்னால் நடந்து வரும் தொப்பை. சமையற்கட்டிலிருந்து வழி தவறி வந்தவர் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவர் புகழைப் பரப்ப ஆசைப்பட்ட மன்னன் மகரவர்மன், அவர் படத்தை எழுதி அண்டை நாடுகளுக்கெல்லாம் அனுப்பச் சொன்னான். ஓவியருக்கு ஒரு வழக்கம் உண்டு. அறிஞர் என்றால் மார்பு வரை வெண்தாடி, வானத்தைப் பார்க்கும் கண்கள். அப்படியே எழுதிவிட்டார். வயிரவநாதர் கோபப்பட்டிருக்க வேண்டும். அவரோ, "அடடா, கொஞ்சம் சாயல் இருக்கிறதே!" என்று மொட்டை மோவாயைத் தடவிக்கொண்டார்.

படம் அரண்மனை வாசலிலும் மாட்டப்பட்டது. மறுநாளே புதுக் காவலன் அவரை மறித்தான். "கணியர் அதோ இருக்கிறார். நீர் யாரய்யா?"

போதாக்குறைக்கு, படத்தில் மயங்கிய வடநாட்டுத் தூதர்கள் அடுத்த வாரம் சூரிய கிரகணத்தன்று அவரைத் தரிசிக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மன்னன் பதறினான்.

"வயிரவநாதரே, அவர்கள் வரும்போது உம் முகத்தில் அந்தத் தாடி இருக்க வேண்டும். இல்லையென்றால் உம் பதவியில் வேறு ஆள் இருப்பார்!"

"ஒரு வாரத்தில் தாடியா, அரசே?"

"கிரகணத்தையே வரவழைக்கிறீர். தாடி என்ன பெரிய காரியம்?"

தூதர்கள் வந்த அன்று, கணியரின் ஆசனத்தில் படம் வீற்றிருந்தது. பக்கத்தில் தரையில் வயிரவநாதர். மன்னன் பல்லைக் கடித்தான். "என்ன இது?"

"நாடு நாடாகத் தாங்கள் அனுப்பிய என் முகம், அரசே. அதில் தாடியும் இருக்கிறது."

தூதர்கள் படத்தை வணங்கினார்கள். "பெரியவரே, கிரகணம் எப்போது?"

தூதர்கள் படத்தையே பார்த்தபடி காத்திருந்தார்கள். மன்னன் வயிரவநாதரை முறைத்தான்.

"எழுதிய நாளிலிருந்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்," என்றார் வயிரவநாதர். "இன்னும் கணக்கு முடியவில்லை போலிருக்கிறது."

"நீராவது சொல்லித் தொலையும்!"

"தாடியில்லாதவன் சொன்னால் யார் நம்புவார்கள், அரசே?"

"நான் நம்புகிறேன் ஐயா!"

"அப்படியானால் முற்றத்தைப் பாருங்கள். இதோ பிடிக்கிறது."

வெயில் மங்கியது. தூதர்கள் படத்தை விட்டுவிட்டு அவரைக் கும்பிட்டார்கள். மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். "பதவி உமக்கே. உம் சொந்த முகத்தோடு புதுப்படம் எழுதச் சொல்கிறேன்!"

"ஐயோ, வேண்டாம் அரசே! அந்தத் தாடிக்குத்தான் நாலு நாட்டில் மரியாதை. என் மனைவிகூடப் படத்துக்கு முன்னால் குரலைத் தாழ்த்துகிறாள்."

"பிறகு என்னதான் வேண்டும்?"

"படத்தில் இருக்கும் அந்தத் தாடிக்காரர் காலடியில், ஓலைக்கட்டு சுமக்கும் ஒரு குட்டை ஆளையும் எழுதச் சொல்லுங்கள். அவருடைய எடுபிடி என்றாவது காவலன் என்னை உள்ளே விடட்டும்."