மாயாண்டி நாரை போட்ட நிழல்

கண்மாய் நடுவே ஒரு கருவேல மரம். அதில் கூடு கட்டியிருந்தது ஒரு நாரைக் குடும்பம். பெண் நாரை பெயர் வெள்ளாயி. ஆண் நாரை மாயாண்டி. கூட்டில் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள்.

அந்தக் கண்மாயில் ஒரு வழக்கம். வெயில் ஏறியதும் பெண் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் போட வேண்டும். சாயங்காலம் வரை மடக்கக் கூடாது. ஆண் நாரை உச்சிக் கிளையில் ஒற்றைக் காலில் நிற்கும். கேட்டால், "காவல் காக்கிறேன்!" என்று சொல்லும். பாதி நேரம் அந்தக் காவல் கண்ணை மூடியபடிதான் நடக்கும். அதை யார் கேட்பது?

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வெள்ளாயிக்குச் சிறகு இரண்டும் இற்று விழுவதுபோல் வலித்தது.

"என்னங்க, என்னால முடியலை. இன்னிக்கு நீங்க நிழல் போடுங்க. நான் போய் இரை கொண்டாரேன்."

மாயாண்டி கழுத்தை நிமிர்த்தியது. "நானா? சரி, போ! உனக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டும்!"

வெள்ளாயி தண்ணீரில் இறங்கி நத்தை தேடியது. தலைக்கு மேலே ஒரே ஆரவாரம்.

"அடடா! மாயாண்டி நிழல் போடுது, வந்து பாருங்க!" என்று கூவியது நீர்க்காகம்.

"இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும்? வெள்ளாயி கொடுத்து வெச்சவ!" என்றது மடையான் கொக்கு.

வெள்ளாயி நிமிர்ந்து பார்த்தது. இத்தனை நாளும் அது வெயிலில் வெந்தபோது ஒரு தவளைகூட அட என்று சொல்லவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் அதற்குத் தெம்பில்லை. மறுபடி நத்தையைத் தேடியது.

கொஞ்ச நேரத்தில் கரையில் சிரிப்புச் சத்தம். வெள்ளாயி திரும்பிப் பார்த்தது. மாயாண்டி கரையில் நின்று, சிறகை எப்படி விரித்தேன் என்று கொக்குகளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது!

"ஐயோ! என்னங்க, பிள்ளைங்க?"

"இவ்வளவு நேரம் நான்தானே பார்த்தேன்! ஒத்தாசைக்கும் ஒரு அளவு வேணாமா?"

வெள்ளாயி தொண்டை நிறையத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பறந்தது.

கூடு கொதித்துக் கிடந்தது. பெரிய குஞ்சுகள் இரண்டும் வாய் பிளந்து இரைத்தன. கடைக்குட்டி கழுத்துத் தொங்கிக் கிடந்தது. வெள்ளாயி அதன்மேல் தண்ணீரைக் கொட்டியது. வலித்த சிறகை மறுபடி விரித்தது.

பின்னாலேயே வந்த மாயாண்டி கடைக்குட்டியைப் பார்த்தது. "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேனே!"

"பசிச்சா நத்தை தின்னணும்னு உங்களுக்கு நானா சொல்றேன்?" என்றது வெள்ளாயி. "ஒத்தாசைக்கு வந்தவங்க பாதியில கிளம்பலாம். அப்பன் கிளம்பலாமா?"

மாயாண்டி தலை குனிந்தது. கண்மாய்க்கும் கூட்டுக்குமாகப் பறந்து பறந்து தண்ணீர் கொண்டுவந்து கொட்டியது. வெயில் சாயும் நேரத்தில் கடைக்குட்டி மெல்லக் கண் திறந்து, "கீச்" என்றது. அப்போதுதான் வெள்ளாயிக்கு மூச்சே வந்தது. அழவும் முடியாத அளவுக்கு அது களைத்திருந்தது.

மறுநாள் வெயில் ஏறும் முன்பே மாயாண்டி கூட்டில் வந்து நின்று சிறகை விரித்தது. யாரும் சொல்லவில்லை. உச்சிப் பொழுதுக்குள் அதற்குத் தோள் இரண்டும் கடுத்தன. ஒரு நாளைக்கே இப்படி என்றால், இவள் எப்படித் தாங்கினாள் என்று நினைத்தது. சிறகை மட்டும் மடக்கவில்லை.

பக்கத்துக் கிளையில் வெள்ளாயி அலகை இறகுக்குள் செருகியிருந்தது.

அந்த வழியாகப் பறந்த நீர்க்காகம், "ஆகா, மாயாண்டி! இன்னிக்குமா? வெள்ளாயி கொடுத்து வெச்சவதான்!" என்று கத்தியது.

"சத்தம் போடாம போ! அவ இப்பதான் தூங்குறா!" என்றது மாயாண்டி.

பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தகப்பன் தன் மனைவிக்குச் செய்யும் உதவி அல்ல, அது அவனுடைய வேலை.