கோணவலசார் கொட்டிய முடியைக் குணப்படுத்திய கதை

கோணவலசுக்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான்.

சென்னியப்பனுக்கு இருபத்தெட்டு வயதிலேயே முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் கொட்டியது, தலையணையில் கொட்டியது, சில நாள் ரசத்திலும் கொட்டியது. தலையைப் பார்த்தே இரண்டு வரன் தட்டிப்போயின. மூன்றாவது வரன் பூங்கோதை. அவளைத் தேர்த்திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வருகிறார். இன்னும் எட்டே நாள். இதுவும் தட்டிப்போனால் அவ்வளவுதான்.

கூட்டாளிகள் நாச்சிமுத்துவும் தேவணனும் அவனைச் சந்தைக்கு இழுத்துப்போனார்கள். அங்கே பச்சிலை விற்கும் பாவாயி முடி விஷயத்தில் கைராசிக்காரி.

"சின்ன வெங்காயத்தை இடிச்சுச் சாறு புழிஞ்சு தேயுங்க. அரை மணி நேரம் ஊற வெச்சுச் சீயக்காய் போட்டு அலசுங்க. அப்பறம் கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சுன தேங்காயெண்ணெய். ஒரு முடி விடக்கூடாது, பாதியில நிறுத்தவும் கூடாது" என்றாள்.

எங்கே தேய்ப்பது என்று அவள் சொல்லவில்லை. அதைப் போய் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் நாச்சிமுத்து சாற்றுக் கிண்ணத்தோடு சென்னியப்பன் தலையை நெருங்கினான். தேவணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கடா போற? தலையில இருக்கற முடிக்கு என்ன கேடு? அது பாட்டுக்கு நிக்குது. கீழ உளுந்ததுதான நோயாளி?"

நாச்சிமுத்து கிண்ணத்தை வைத்துவிட்டு யோசித்தான். "நெசந்தான். காச்சக்காரனை விட்டுப்போட்டு, நல்லா இருக்கறவனுக்கா ஊசி போடுவாங்க?"

இப்படிப்பட்ட மூளைக்காரர்கள் தனக்கு வாய்த்திருக்கிறார்களே என்று சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. வெங்காயமும் கொஞ்சம் காரணம்.

அன்றிலிருந்து கொட்டிய முடியெல்லாம் பித்தளைத் தாம்பாளத்தில் சேர்ந்தது. ஒவ்வொன்றாக எடுத்துச் சாறு தேய்த்து, ஊற வைத்து, அலசி, எண்ணெய் தடவி நிழலில் உலர்த்தினார்கள். ஒரு முடி காற்றில் பறந்து கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டது. மூன்று பேரும் சாணியில் தவழ்ந்து அதைத் தேடி எடுத்துவந்தார்கள். இரண்டு நாள் வைத்தியத்துக்குப் பிறகுதான் அது எருமைவால் முடி என்று தெரிந்தது. பாதியில் நிறுத்தக்கூடாதே! அதனால் அதற்கும் வைத்தியம் தொடர்ந்தது.

நாலாம் நாள் நாச்சிமுத்து தாம்பாளத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கால் மணி நேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

"ஒண்ணுகூடக் கொட்டலைடா! பூரண குணம்!"

சென்னியப்பன் சந்தோஷத்தில் தலையை ஆட்டினான். ஆறு முடி விழுந்தது.

தேவணன் முகம் இருண்டது. "இதெல்லாம் ஒவ்வொண்ணா உளுந்து எப்பக் குணமாகறது? வெள்ளிக்கிழமை வந்துருமே. அத்தனையையும் ஒட்டுக்காத் தாம்பாளத்துல சேத்தாத்தான் ஆகும்."

"எனக்குப் பயமா இருக்குதுடா" என்றான் சென்னியப்பன்.

"மருந்தில்லாம அத்தனை முடி உன் தலையில தவிச்சுட்டுக் கெடக்குது. நீ உம்பட பயத்தைப் பேசறே!"

சென்னியப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே நாவிதருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "எந்தக் கோயிலுக்குங்க வேண்டுதல்?" என்று கேட்டார்.

"வேண்டுதல் இல்லீங்ணா, வைத்தியம்" என்றான் சென்னியப்பன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கோணவலசில் அவருக்கு இருபது வருஷப் பழக்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் பூங்கோதையின் அப்பா அங்கமுத்து வந்து இறங்கினார். பக்கத்து ஊர்தான். ஏழு தலைமுறையாகக் கோணவலசில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். ஆகையால் புத்திக்குக் குறைவில்லை. வாசலில் பாய் விரித்து, நடுவில் தாம்பாளத்தை வைத்திருந்தார்கள். முடி கருகருவென்று மின்னியது. பக்கத்தில் அதைவிட மின்னிக்கொண்டு சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான்.

அங்கமுத்து கைநிறைய முடியை அள்ளினார். மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். சுண்டியும் பார்த்தார்.

"அருமையான முடிங்க. ஒரு கொறை சொல்ல முடியாது" என்றார். சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. அப்போதுதான் அவர் திரும்பி அவனைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"முடியெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா மாப்பிள்ளைதான் முழுசாக் கொட்டிட்டாரே!"

நாச்சிமுத்துவும் தேவணனும் முடியைப் பார்த்தார்கள். சென்னியப்பனைப் பார்த்தார்கள். பெரியவர் சொல்வது கண்கூடாகத் தெரிந்தது. முடி ஒரு பக்கம் இருக்க, அவன் தனியாக விழுந்துதான் கிடந்தான்.

"கைவிட்டுறாதீங்க மாமா" என்று சென்னியப்பன் அழுதேவிட்டான்.

அங்கமுத்து இளகிய மனசுக்காரர். இன்னொரு தடவை முடியைத் தடவிப் பார்த்தார். "எதுக்குங்க அழுகறீங்க? முடி இத்தனை தெம்பா இருக்குதுல்ல? ஆறு மாசத்துல புது மாப்பிள்ளை முளைச்சுருவாரு. தை மாசத்துல கல்யாணத்தை வெச்சுக்கலாம்" என்று சொல்லி, வெற்றிலை பாக்கைத் தாம்பாளத்துக்கு முன்னால் வைத்தார். கூட்டாளிகள் இரண்டு பேரும் முடிக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "முளைக்கறது நானா இருப்பனுங்களா மாமா, இல்லை வேற ஆளுங்களா?"

"அதை முளைச்சதுக்கப்பறம் பாத்துக்கலாம். இப்பக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி, மாப்பிள்ளை முளைக்கற எடத்துல உங்க நெழல் உளுகுது."