உள்ளங்காலைத் தாங்கியவர்

தொம்மை படகு இன்ஜின் மெக்கானிக். கடலோரத்தில் பிறந்தும் நீச்சல் தெரியாத மனிதர். பழுது பார்த்த இன்ஜினை ஓட்டிப் பார்க்க கஸ்பாரின் வள்ளத்தில் ஏறிப் போன அன்று, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே காற்று திரும்பி வள்ளம் கவிழ்ந்தது. தொம்மை பிழைத்தார். கடலிலேயே வளர்ந்த கஸ்பாரின் உடல் மறுநாள் கரை ஒதுங்கியது.

தன்னைச் சம்மனசு, அதாவது வானதூதர், தாங்கியது என்றார் தொம்மை. தண்ணீருக்கடியிலிருந்து யாரோ உள்ளங்காலைத் தாங்கி மேலே தள்ளியதாகச் சொன்னார். ஊர் நம்பியது. கோவில் கோவிலாகக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவைத்தது. அவருக்கோ சம்மனசுகளைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு, கடற்கரை ஆசிரமத்தில் தனியாக இருந்த சிஸ்டர் அடைக்கலத்திடம் சீடராகச் சேர்ந்தார். சிஸ்டர் அவரைவிட இளையவர். அதிகம் பேசமாட்டார்.

வேதத்தில் சம்மனசுகள் வரும் இடங்களை இருவரும் வாசித்தார்கள். ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்தவர்கள், சிங்கங்களின் வாயைக் கட்டியவர், சிறையில் பேதுருவின் விலங்குகள் கழன்று விழ அவரைத் தட்டி எழுப்பியவர். அந்த இடத்தில் தொம்மை நிறுத்தினார்.

"சிஸ்டர், எங்கிட்ட ஏன் வந்திச்சு? கஸ்பார்கிட்ட ஏன் போகல?"

சிஸ்டர் வேதத்தை மூடினார். "இந்தச் சாட்சியக் கஸ்பார் வீட்டுல சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"எப்படிச் சொல்றது? உன் வீட்டுக்காரர விட்டுட்டு என்னைத் தூக்கிச்சுன்னா?"

சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க."

கஸ்பாரின் மனைவி இன்னாசியம்மாள் வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தொம்மையைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். அவர் தலை நிமிராமல் சொல்லத் தொடங்கினார். கோவில்களில் சொன்ன அதே சாட்சிதான். இங்கே குரல் எழும்பவில்லை.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "கையிலயா தாங்கிச்சு, தோள்லயா?" என்றாள்.

தொம்மை யோசித்தார். "முதல்ல கை. அப்புறம் தோள் மாதிரி இருந்திச்சு."

"விடாமலா?"

"இடையில விட்டிரும். நான் முங்குவேன். திரும்ப வந்து பிடிக்கும்."

"கணுக்கால்ல தட்டிச்சா அண்ணே? ரெண்டு தட்டு?"

தொம்மை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதை அவர் ஒரு கோவிலிலும் சொல்லவில்லை. சம்மனசு காலைத் தட்டும் என்றால் யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டார். சிஸ்டரிடம்கூடச் சொன்னதில்லை.

"உனக்கு யார் சொன்னா?"

"பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார். அடியில முங்கி, காலத் தோள்ல ஏத்தி, கணுக்கால்ல ரெண்டு தட்டு. உதைன்னு அர்த்தம்." அவள் குரல் மாறவே இல்லை. "இடையில விட்டது மூச்சு எடுக்கப் போனது அண்ணே."

"நான் பாக்கல. உப்புத் தண்ணி, கண்ணத் திறக்க முடியல..."

"கடைசியா எப்போ விட்டாரு?"

தொம்மை தன் காலைப் பார்த்தார். மற்றொரு வள்ளத்திலிருந்தவர்கள் வந்து அவருடைய கையைப் பிடித்து இழுக்கும்வரை காலுக்கடியில் அந்தத் தோள் இருந்தது. கடைசித் தடவை அது விடவே இல்லை.

அவர் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள். கருவாட்டுப் பாயின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். சிஸ்டர் அவளருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் தொம்மை நின்றார். மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊரெல்லாம் பொய் சொல்லியிருக்கேன், சிஸ்டர். சம்மனசு வரவே இல்ல."

சிஸ்டர் நின்றபடியே கேட்டார். "பாடுபடுறதுக்கு முந்தி, ஒலிவ மலையில ஆண்டவர்கிட்ட வானதூதர் வந்தாருல்ல?"

"வந்தாரு."

"அவரத் தூக்கிட்டுப் போனாரா?"

"இல்ல. பலப்படுத்தினாரு."

"அதுக்கப்புறம்?"

"வேர்வை ரத்தமா விழுந்திச்சு."

"அப்புறம் எந்திரிச்சு எங்க போனாரு?"

"சாகத்தான்," என்றார் தொம்மை. கடலைப் பார்த்தார். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்குச் சம்மனசு வந்தாரு, அண்ணே," என்றார் சிஸ்டர். "கஸ்பார்கிட்ட வந்தாரு."