கோமதியின் கடவுச்சொல்

"டீச்சர், கோமதி கணக்கை மூடிட்டா காலைல ஒரு கம்ப்யூட்டர்லயும் வேலை நடக்காது" என்றார் மாசிலாமணி.

நூற்பாலை அலுவலகத்தின் கணினிகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த நசீமா வயதில் மிகவும் சின்னவள். என்றாலும் டீச்சர்தான்.

அவருக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவள் அவர் மனைவி கோமதி. ஆடியில் போய்ச் சேர்ந்தாள்.

வேலையில் இப்போது இல்லாதவர்களின் கணினிக் கணக்குகளை மூடும்படி உத்தரவு வந்திருந்தது. எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

"ஏன் நடக்காது, அண்ணாச்சி?"

"யாரு கம்ப்யூட்டர்ல உள்ள வந்தாலும் தானா ஒரு ஸ்கிரிப்ட் ஓடுதுல்லா? இவருக்கு எந்தெந்த ஃபோல்டர்னு அது எல்லார் பேரும் வச்சிருக்க டைரக்டரிகிட்ட கேக்கும். கேக்கிறது யாருன்னு டைரக்டரி கேக்கும். கோமதின்னு ஸ்கிரிப்ட் சொல்லும். அவ எழுதுனது அப்படி."

"அப்ப ஆபீஸே உங்க வீட்டம்மா பேரைச் சொல்லித்தான் பொழப்பு நடத்துது."

நசீமா ஸ்கிரிப்டைத் திறந்தாள். கோமதி கை பட்டது என்று அவர் இதுவரை அதைத் தொட்டதில்லை.

ஒரு வரியில் கோமதியின் பெயர். அடுத்த வரியில், மறைவே இல்லாமல், கடவுச்சொல்.

மாசிலாமணி.

"வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"இங்கருங்கன்னு. ரேஷன் கடையில புருசன் பேரு கேட்டாக்கூட என்னையத்தான் கையக் காட்டுவா."

நசீமா இரண்டு வரிகளையும் அழித்தாள். அந்த இடத்தில் எதையும் எழுதவில்லை.

"டீச்சர்..."

"வாசல்ல அவங்கவங்க பேரைச் சொல்லிட்டுத்தானே வாராங்க. உள்ள வந்தப்புறம் இன்னொருத்தர் எதுக்கு ஜாமீன் நிக்கணும்?"

விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

"கணக்கை நீங்களே மூடுங்க, அண்ணாச்சி."

மூடினார்.

கணினியிலிருந்து வெளியேறி, மறுபடி உள்ளே போகத் தன் பெயரை அடித்தார். கடவுச்சொல்லை அடித்தபோது புள்ளிகள்தான் விழுந்தன.

ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒன்றும் குறையவில்லை.

"பாருங்க. திறக்காதுன்னு பயந்தீங்களே."

மாசிலாமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்துரும்னுதான் பயந்தேன், டீச்சர்."